மார்ச் பன்னிரண்டு வரை

ஸ்பிரிங்வேல்,
18 பெப்ரவரி 2026

அன்புள்ள விமலா,

சாப்பாட்டு மேசைக்கு ஆறு கதிரைகள் வாங்கியிருக்க வேண்டும் என்று உன் அண்ணி தர்சினி இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். நாங்கள் நாலுதான் வாங்கினோம். அதனால்தானோ என்னவோ, 2018 மார்ச் பன்னிரண்டாம் திகதி காலை எங்கள் குசினியில் யார் எங்கே இருந்தார்கள் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. யன்னல் பக்கக் கதிரையில் அம்மா, முதுகுக்கு ஒரு தலையணையோடு. அவருக்கு எதிரே நீ. மேசையின் தலைப்பில் கணக்காளர் கல்யாணசுந்தரம், சாட்சிக் கையொப்பம் போட வந்தவர். குளிர்சாதனப் பெட்டியை ஒட்டி, தோட்டத்திலிருந்து தூக்கி வந்த பிளாஸ்டிக் கதிரையில் உன் முரளி. தர்சினி இருக்கவே இல்லை, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றாள். நான் அம்மாவுக்குப் பக்கத்தில். அவர் கையொப்பமிடும்போது தாள் நகராமல் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நீயும் அங்கே இருந்தவள், உனக்கு இது தெரியும். ஆனால் ஒரு சம்பவத்தை எழுதுவதானால் முதலில் ஆட்களையும் அவர்கள் இருந்த இடத்தையும் எழுத வேண்டும் என்று சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்தில் பழக்கிவிட்டார்கள். அது கையை விட்டுப் போகவில்லை.

அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு அடிக்கும் நினைவு மலரில் 'அம்மாவின் கடைசி மாதங்கள்' என்று இரண்டு பக்கம் கேட்டாய். "நீங்கள்தானே அண்ணா பக்கத்தில இருந்தனீங்கள், வேற ஆர் எழுதுறது?" என்றாய். இரண்டு தரம் தொலைபேசியில் நினைவூட்டினாய். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். அது உண்மைதான். எழுதி வந்தது இது. மலரில் போட இயலாது என்று நினைக்கிறேன். நீயே பார்.

நீ வரி விசயங்களில் தலை போட்டதில்லை. ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன். அவுஸ்திரேலியாவில் இறந்தவரின் சொத்துக்கென்று தனி வரி கிடையாது. இங்கிலாந்தில் உண்டு. வீடு லண்டனில் இருந்தால், அதன் சொந்தக்காரர் மெல்பேர்னில் இறந்தாலும் உண்டு. ஓர் எல்லைக்கு மேற்பட்ட பெறுமதிக்கு நூற்றுக்கு நாற்பது போகும். ஆனால் இருக்கும்போதே பிள்ளைகளுக்கு நன்கொடையாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு ஏழு வருடம் உயிரோடு இருந்துவிட்டால் அந்த வரி இல்லை. உயிரோடு இருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். எப்படி இருக்க வேண்டும் என்று அதில் இல்லை.

லண்டன் ஹரோ வீட்டை அப்பா எப்படி வாங்கினார் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. பெற்றோல் செட்டில் கார்களுக்கு எண்ணெய் அடித்துப் பதினெட்டு வருடம். அவர் போன பிறகு, அம்மா அந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு என்னிடம் வந்தபோது கேட்டது ஒன்றுதான். "தம்பி, கொப்பர் நிண்டு உழைச்ச வீடு. அரசாங்கம் கிள்ளிக்கொண்டு போக விட்டிடாதை." விடமாட்டேன் என்றேன். நான் சொன்னதைச் செய்கிறவன். அது உனக்கும் தெரியும், தர்சினிக்கும் தெரியும், என் அலுவலகத்தில் இருபத்துநாலு வருடம் என்னோடு வேலை செய்தவர்களுக்கும் தெரியும்.

அன்றைக்கு அந்த மேசையில் எல்லாரும் சந்தோசமாக இருந்தோம். நன்கொடைப் பத்திரத்தில் கையொப்பம் முடிந்ததும் முரளி சொன்னது நினைவிருக்கா?

"மாமி, இனி வீடு மச்சானுக்கும் இவவுக்கும். நீங்கள் கவனமா இருக்க வேணும். ஒரு சொல் பிழைச்சாலும் வீட்டால எழுப்பிப் போடுவினம்."

"எழுப்பினா சிட்னிக்கு, உங்கட டூங்கபி வீட்டுக்குத்தான் வாறது," என்றார் அம்மா. "ஆனா உங்கட குறட்டைக்க எப்பிடி நித்திரை கொள்ளுறது எண்டதுதான் யோசனை."

தர்சினி சிரித்ததில் தேத்தண்ணி கோப்பைத் தட்டில் கொட்டுப்பட்டது. அப்போது கல்யாணசுந்தரம் பேனையை மூடிக்கொண்டே கேட்டார். "சார், வாடகை இனிமே யார் கணக்குக்குப் போகும்? அதையும் லண்டன் வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க."

நான் சொன்னேன்: "அது குடும்ப விசயம். அம்மா இருக்கிறவரைக்கும் வாடகை அம்மாவுக்குத்தான். பெத்த தாயின்ர கையில இருந்து வாடகைக் காசைப் பறிக்கிற பிள்ளையளோ நாங்கள்?"

"ஐயோ, அப்படிச் சொல்லலை சார்," என்று அவர் பேப்பர்களை அடுக்கத் தொடங்கினார். நீ என் தோளில் கை வைத்தாய். அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். என் வாழ்க்கையில் நான் நல்ல பிள்ளையாக இருந்த நாள் எது என்று யாராவது கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வேன். இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள். பிறகு திரும்பி வருவேன்.

உனக்குத் தெரியாத விசயம் 2021இல் நடந்தது. கொரோனாவுக்காக இங்கே எல்லாம் பூட்டித் திறந்த வருடம். அம்மா எங்கள் குடும்ப வைத்தியரிடம் கூட்டிப் போகச் சொன்னார். நான் காருக்குள் இருந்தேன். அரை மணித்தியாலத்தில் ஒரு பத்திரத்தோடு வெளியே வந்தார். நோய் முற்றித் தன்னால் பேச முடியாமல் போனால் என்ன வைத்தியம் செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் பத்திரம். இந்த மாநிலத்தில் அதற்குச் சட்டப் பெறுமதி உண்டு. வைத்தியரும் இன்னொருவரும் சாட்சிக் கையொப்பம் வைத்திருந்தார்கள். அச்சிட்ட ஆங்கிலத்துக்குக் கீழே அம்மா தன் கையால் தமிழில் எழுதியிருந்தார். "எனக்கு விழுங்க ஏலாமல் போனால் குழாய் போட வேண்டாம். என்ர மனுசனுக்குப் போட்டதைப் பாத்தனான். என்னைப் போக விடுங்கோ. மீனாம்பாள்."

"இதை உன்ர பைலில வை தம்பி," என்றார். "நீதான் ஒண்டையும் துலைக்கமாட்டாய். பிள்ளைக்குச் சொல்லாதை, அழுவாள்."

பிள்ளை என்றது உன்னை. நான் துலைக்கவில்லை. என் அலுவல் அறையில் இருக்கும் சாம்பல்நிற இரும்பு அலுமாரியில், இரண்டாவது இழுப்பறையில், 'அம்மா – மருத்துவம்' என்று எழுதிய கோப்பில் வைத்தேன். அடுத்த வருடம் அந்த வைத்தியர் ஓய்வுபெற்றுக் கிளினிக்கையும் மூடிவிட்டார். அதன் பிறகு அந்தப் பத்திரம் இருப்பது எனக்கும் அம்மாவுக்கும் மட்டுமே தெரியும்.

2024 யூலையில் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. நீ அன்றிரவே சிட்னியிலிருந்து பறந்து வந்தாய். வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சுப் போய்விட்டது, விழுங்க முடியவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். அவர் இடக் கையால் மூன்று தரம் அதைப் பிடுங்கி எறிந்தார். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் அந்தச் சிறிய அறைக்குள் எங்களைக் கூப்பிட்டார்கள். வைத்தியர் கேத்ரின் கதவுக்குப் பக்கத்தில் இருந்தார், நீ சோபாவில், நான் உனக்கு இடப்பக்கம். வயிற்றில் நிரந்தரக் குழாய் போடலாம், அல்லது நோவில்லாமல் வைத்துப் போக விடலாம், அப்படி விட்டால் இரண்டு கிழமைக்கு மேல் இருக்கமாட்டார் என்று கேத்ரின் மெதுவாகச் சொன்னார். நீ என் கையைப் பிடித்து, "அம்மா இதை விரும்பமாட்டா அண்ணா" என்றாய். கேத்ரின் என்னைப் பார்த்து, அம்மா எழுத்தில் ஏதாவது வைத்திருக்கிறாரா என்று கேட்டார். முடிவெடுக்கும் உரிமை என் பெயரில் இருந்தது.

நான் இல்லை என்றேன்.

பிறகு, எங்கள் சமயத்தில் உயிரை இடையில் விடுவதற்கு இடமில்லை, செய்யக்கூடியதெல்லாம் செய்ய வேண்டும் என்றும் சொன்னேன். எங்கள் சமயத்தில் அப்படியொன்றும் இல்லை என்று உனக்கும் தெரியும். கேத்ரினுக்குத் தெரியாது. மரியாதையோடு தலையாட்டி, அதை எழுதிக்கொண்டார். நீ என்னை ஒருவிதமாகப் பார்த்தாய். துக்கத்தில் அண்ணா மாறிவிட்டான் என்று நினைத்திருப்பாய்.

அன்றைக்கு ஆறு வருடமும் நாலு மாதமும் ஆகியிருந்தன. இன்னும் எட்டு மாதம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஏழு வருடம் முடியும்வரை முழு வரியும் அப்படியே நிற்பதில்லை. மூன்றாவது வருடத்துக்குப் பிறகு படிப்படியாகக் குறையும். ஆறு வருடத்துக்கும் ஏழுக்கும் இடையில் இறந்தால் ஐந்தில் ஒரு பங்குதான் கட்ட வேண்டும். லண்டன் சட்டத்தரணி அதை முதலிலேயே எழுதியிருந்தார். அந்த எட்டு மாதத்தால் மிஞ்சக்கூடியது பதினாறாயிரம் பவுண். அதற்கு ஒரு கார் வாங்கலாம். விலை கூடிய கார் அல்ல. அதில் பாதி உன்னுடையது.

அப்படியானால் ஏன் என்று கேட்பாய். நானும் கேட்டுப் பார்த்தேன். காசுக்காக என்று சொன்னால் உனக்கும் விளங்கும், எனக்கும் சுலபம். அது இல்லை. ஆறு வருடமும் நாலு மாதமும் சரியாகப் போன ஒரு வேலையைக் கடைசியில் குறையாக விட எனக்கு மனம் வரவில்லை. அம்மா கேட்டதும் அதுதானே. கிள்ள விடாதே என்றுதானே சொன்னார். குழாய் வேண்டாம் என்றும் சொன்னார். இரண்டும் அவருடைய விருப்பந்தான். அவர் முந்திச் சொன்னதை நான் எடுத்துக்கொண்டேன்.

நவம்பரில் அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆஸ்பத்திரியில் கேத்ரின் ஒவ்வொரு மாதமும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார், வீட்டில் கேட்பதற்கு ஆளில்லை. ஊர்ச்சனம் வந்து பார்த்துவிட்டுப் போனது. "ஆர் இந்தக் காலத்தில தாயை இப்பிடிப் பாக்கினம், நீர் குடுத்து வைச்சனீர்" என்று கோயில் ஐயாவின் மனைவி தர்சினியிடம் சொன்னாராம். வேலையிலிருந்து நீண்ட லீவு எடுத்தேன். மேல்மாடி ஏற்ற முடியாததால் என் அலுவல் அறையைத்தான் அம்மாவுக்கு ஒழித்துக் கொடுத்தோம். இரும்பு அலுமாரியை மட்டும் நகர்த்த முடியவில்லை. அது கட்டிலுக்கு நேரெதிரே நின்றது.

நாளுக்கு ஆறு தரம் குழாயால் பால்மாக் கரைசல் விடுவேன். நேரத்தையும் அளவையும் ஒரு கொப்பியில் குறித்தேன். ஒரு தரமும் பிந்தியதில்லை. அம்மா வயிற்றுக் குழாயையும் பிடுங்கப் பார்த்ததால் கைக்குக் கவசம் வாங்கினேன். வெள்ளை நிறம், உள்ளே பஞ்சு, விரல் ஒன்றும் தெரியாது. வலக் கை அசையாதென்றாலும் இரண்டுக்கும் போட்டேன். சோடியாகத்தான் விற்றார்கள். ஒருநாள் வீடியோவில் உன் முரளி, "மாமி, ஆரோட குத்துச்சண்டை?" என்று கேட்டுவிட்டு, தானே சிரிக்காமல் தொலைபேசியை உன்னிடம் தந்தது உனக்கு ஞாபகமிருக்கும்.

அம்மாவின் புத்தி தெளிவாக இருந்தது. இதை நீ அறியாமல் இருப்பதே நல்லது என்று நெடுநாள் நினைத்தேன். ஆனால் பாதியைச் சொல்வதில் பயனில்லை. டிசம்பரில் அவர் அந்தப் பஞ்சுக் கையைத் தூக்கி எதிர்ப்பக்கம் காட்டத் தொடங்கினார். ஒவ்வொரு நாளும். நான் குழாயோடு போகும்போதெல்லாம் அலுமாரியைக் காட்டுவார், பிறகு என்னைப் பார்ப்பார்.

"இஞ்சேருங்கோ, மாமி எதைக் காட்டுறா?" என்று தர்சினி கேட்டாள்.

"சாமி படம் கேக்கிறா போல," என்றேன்.

அடுத்த நாள் பூசை அறையிலிருந்து பிள்ளையார் படத்தை எடுத்து அந்த அலுமாரிக்கு மேலே வைத்தேன். அதற்குப் பிறகும் அவர் காட்டினார். தர்சினி உள்ளே வந்து, "ஓம் மாமி, பிள்ளையார்தான், கும்பிடுங்கோ" என்று அந்த வெள்ளைக் கவசங்கள் இரண்டையும் சேர்த்துக் கும்பிட வைப்பாள். இரண்டு கிழமையில் அம்மா காட்டுவதை நிறுத்திவிட்டார். அதன் பிறகு நான் உள்ளே போனால் கண்ணை மூடிக்கொள்வார்.

யனவரியில் ஒரு தரமும் பெப்ரவரியில் ஒரு தரமும் நுரையீரலில் கிருமி பிடித்தது. இரண்டு தரமும் அம்புலன்ஸ் கூப்பிட்டேன். இரண்டாம் தரம் கேத்ரின் கட்டிலருகே குனிந்து நின்று, "சிவபாலன், இது யாருக்காக?" என்று கேட்டார். "அம்மாவுக்காக" என்றேன். மருந்தை ஏற்றினார்கள்.

மார்ச் பன்னிரண்டு புதன்கிழமை. நாங்கள் லண்டனுக்குப் பதினொரு மணித்தியாலம் முந்தி. அங்கே அந்த நாள் முடிந்து நள்ளிரவு தாண்ட, இங்கே வியாழன் பகல் பதினொரு மணியாகும். அதையும் பார்த்தேன். வியாழன் பதினொன்றேகாலுக்குக் கவசங்களைக் கழற்றினேன். விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிப் போயிருந்தன. இரண்டு கையும். நகம் பட்ட இடத்தில் தோல் வெள்ளையாக ஊறியிருந்தது. அன்று வந்த தாதி ஒன்றொன்றாக விரித்துப் பார்த்தார், விட்டவுடன் திரும்ப மூடிக்கொண்டன. தசை இறுகிவிட்டது, இனித் தானாகத் திறக்காது, எதையாவது உள்ளே வைத்தால் அதைப் பற்றிப் பிடித்த மாதிரியே இருக்கும் என்றார். ஒரு துணியைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு மணிக்குக் கேத்ரினைத் தொலைபேசியில் கூப்பிட்டு, இனி அம்மாவைக் கஷ்டப்படுத்த வேண்டாம் என்றேன். பிறகு உன்னைக் கூப்பிட்டு, நீ சொன்னதுதான் சரி, அம்மாவை விடுவோம் என்றேன். நீ அழுதாய். கொஞ்ச நேரம் கழித்து, "தாங்ஸ் அண்ணா, இது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமெண்டு எனக்குத் தெரியும்" என்றாய். இந்தக் கடிதத்தில் எழுதக் கஷ்டமாக இருந்தது அந்த ஒரு வசனந்தான். மற்றவை அவ்வளவு இல்லை.

ஒன்பது நாள் இருந்தார். கடைசி நாள் நீ கால்மாட்டில் இருந்து பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தாய். தர்சினி வாசலில். நான் தலைமாட்டில், துணியை எடுத்துவிட்டு என் இரண்டு விரலை அம்மாவின் இடக் கைக்குள் வைத்துக்கொண்டு.

இனி வாடகை விசயத்துக்கு வருகிறேன். ஓகஸ்டில் சட்டத்தரணியின் கடிதம் வந்தது. அதையும் இதனோடு வைத்திருக்கிறேன். வங்கிக் கணக்குகளைப் பார்த்தபோது வாடகை கடைசி மாதம் வரை அம்மாவின் பெயருக்கே போயிருப்பதைக் கண்டிருக்கிறார். கொடுத்த சொத்தின் பயனைக் கொடுத்தவரே அனுபவித்துக்கொண்டிருந்தால் அது கொடுத்ததாகாதாம். ஏழு வருடம் தொடங்கவே இல்லையாம். 2018இலேயே வாடகையை எங்கள் பெயருக்கு மாற்றியிருந்தால் எல்லாம் சரியாக முடிந்திருக்கும். மாற்றாததால், அம்மா இறக்கும்வரை வீடு அவருடையது, முழு வரியும் உண்டு. அம்மா அந்த யூலையில் போயிருந்தாலும் அதே, மார்ச்சில் போனாலும் அதே. அந்த எட்டு மாதத்துக்குச் சட்டத்தில் ஒரு பெறுமதியும் இல்லை. கல்யாணசுந்தரம் அன்றைக்கே கேட்டார். குடும்ப விசயம் என்று நான்தான் அவருடைய வாயை அடைத்தேன்.

வரி போனதற்காக இதை எழுதுகிறேன் என்று நினைக்காதே. வரி கட்டியாகிவிட்டது. உன் பங்கில் குறைந்ததை நான் தருவேன். கடிதம் வந்த அன்று குசினியில் அதே நாலு கதிரைக்கு நடுவில் நின்று யோசித்தேன். வாடகை மாறியிருந்து, வரியும் மிஞ்சியிருந்தால், நான் உனக்கு இதை எழுதியிருப்பேனா என்று. எழுதியிருக்கமாட்டேன். மலருக்கு நல்ல இரண்டு பக்கம் அனுப்பியிருப்பேன். நீ அதை வாசித்து அழுதிருப்பாய்.

ஆகவே சுருக்கமாக: அம்மா தன்னைப் போக விடச் சொல்லி எழுதித் தந்தார். நான் அதை ஒளித்தேன். கேட்டபோது இல்லை என்றேன். அவர் அதைக் காட்டிக் காட்டிக் கேட்டார், நான் அதன் மேல் சாமி படத்தை வைத்தேன். எட்டு மாதம், விருப்பமில்லாத ஓர் உடம்பை நான் கட்டி வைத்திருந்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. தர்சினிக்கு ஒன்றும் தெரியாது.

அம்மாவின் பத்திரத்தின் அசல் இதற்குள் இருக்கிறது. மடிப்பில் கிழியாமல் எடு. கேத்ரினிடம் கொடுப்பதானாலும், பொலிசிடம் கொடுப்பதானாலும் உன் விருப்பம். நான் ஒரு பிரதி எடுத்து அதே இழுப்பறையில் வைத்திருக்கிறேன். பிள்ளையார் படத்தைப் பூசை அறைக்கே திருப்பிக் கொண்டுபோய்விட்டேன்.

திவசத்துக்கு வரலாம் என்று நீ சொல்லும்வரை டூங்கபிக்கு வரமாட்டேன்.

அன்புடன்,
அண்ணா,
சிவபாலன்.

*

(உறையின் பின்பக்கத்தில்)

விமலா, ஒட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. தபாற்கந்தோர் வரிசையில் நின்று இதை எழுதுகிறேன், பதிவுத் தபாலில் போகிறது. மலர் அச்சுக்குப் போக வேண்டும், என் பக்கம் வெறுமையாக இருந்தால் சனம் கேட்கும். இந்த ஒரு வரியை மட்டும் போடு, இது உண்மை, நீயும் பார்த்தாய்:

"கடைசி மூச்சு வரை அம்மா தன் மகனின் கையை இறுகப் பற்றியிருந்தார்."